ஏலத்துக்கு முந்தைய நாள் திவால் மனு: வீடு எத்தனை நாள் தப்பும்?

கேள்வி இதுதான். டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸை ஒட்டிய புறநகர் ஒன்றில் வீடு வாங்கிய குடும்பம். கணவருக்கு வேலை போய், ஆறு மாதத் தவணை நின்றுவிட்டது. இப்போது முன்னைவிடக் குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது; மனைவிக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை வீடு ஏலத்துக்கு வருகிறது என்று கடிதம் வந்திருக்கிறது. "ஏலத்துக்கு முதல் நாள் திவால் மனு போட்டுவிடுங்கள், ஒரு வருடத்துக்கு வங்கி உங்கள் வாசலை மிதிக்க முடியாது" என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? எத்தனை மாதம் கிடைக்கும்?

நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. ஒரு வருடம் என்பது சட்டத்தில் எங்கும் இல்லாத கணக்கு. மனு தாக்கலானால் ஏலம் நிற்கும். எத்தனை நாள் நிற்கும் என்பது, எந்த வகை மனு போடுகிறீர்கள், கடந்த ஒரு வருடத்தில் ஏற்கெனவே மனு போட்டுத் தள்ளுபடி ஆகியிருக்கிறதா, மனு போட்ட மறுமாதத்திலிருந்து தவணையைக் கட்ட முடியுமா என்பவற்றைப் பொறுத்தது. கடைசிக் கேள்விக்கு 'முடியாது' என்பது பதிலானால், மற்றவற்றுக்கு எவ்வளவு நல்ல பதில் இருந்தாலும் கிடைப்பது சில வாரங்களோ சில மாதங்களோதான். இத்தகைய வழக்குகளுக்குக் கோப்பு தயாரித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் நான், வழக்கறிஞர் அல்ல. அதனால் இதைப் படித்துவிட்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இந்தப் பதில்.

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 362-ஆம் பிரிவு, மனு நீதிமன்றத்தில் பதிவாகும் நொடியிலேயே கடன் கொடுத்தவர்கள் அனைவர் மீதும் ஒரு தடையைக் கொண்டுவருகிறது. நீதிபதி கையெழுத்திட வேண்டியதில்லை, விசாரணை தேவையில்லை. வங்கிக்குத் தகவல் போய்ச் சேராவிட்டாலும் தடை தடைதான். ஆனாலும் வழக்கு எண் கிடைத்தவுடன் ஏலம் நடத்துபவருக்கும் வங்கியின் வழக்கறிஞருக்கும் மின்னஞ்சலிலும் ஃபேக்ஸிலும் அனுப்பி, தொலைபேசியிலும் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் நடந்த ஏலத்தைப் பிறகு செல்லாததாக்க முடியும். அதற்கு நீதிமன்றம் ஏற வேண்டும், பணமும் செலவாகும். மனு போட்டவரின் நடத்தை சரியில்லை என்று தோன்றினால், தடையைப் பின்தேதியிட்டு நீக்கி அந்த ஏலத்தை நிலைநிறுத்தவும் நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது.

நேரம் இங்கே நிமிடக் கணக்கில் பார்க்கப்படும். டெக்சாஸில் ஏலம் மாதத்தின் முதல் செவ்வாயன்று காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் நடக்கும். அந்தச் செவ்வாய் ஜனவரி 1 அல்லது ஜூலை 4 ஆக இருந்தால் மறுநாள் புதன்கிழமை. உங்கள் மனுவின் மேல் பதிவாகும் நேரம் ஏலம் முடிந்த நேரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் வீடு போய்விட்டது. நிலுவையைத் தவணையில் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, மாநிலச் சட்டப்படி ஏலத்தில் வீடு விற்கப்படும் வரைதான் என்று, நிலுவையைப் பிரித்துக் கட்டும் திவால் வகையான சாப்டர் 13 தெளிவாகச் சொல்கிறது. ஏலத்துக்குப் பிறகு பணத்தைக் கட்டி வீட்டை மீட்கச் சில மாநிலங்கள் கால அவகாசம் தருகின்றன. வீட்டுக் கடன் ஏலத்துக்கு டெக்சாஸ் அப்படி எதையும் தருவதில்லை. ஏலம் முடிந்தபின் போடும் திவால் மனு, வீட்டைக் காலி செய்யும் நாளை வேண்டுமானால் சற்றுத் தள்ளும்.

சாப்டர் 7 போட்டால் என்ன ஆகும்? இது கடன்களைத் துடைப்பதற்கான வழி. கிரெடிட் கார்டு, மருத்துவமனை பில் போன்றவை பெரும்பாலும் போய்விடும். வீட்டுக் கடனிலும் உங்கள் மீதான தனிப்பட்ட பொறுப்பு போகும். வீட்டின் மீதுள்ள அடமானம் மட்டும் போகாது. தவணை நிலுவையைப் பகுதி பகுதியாகக் கட்ட வங்கியைக் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு சாப்டர் 7-இல் இல்லை. மனு போட்ட 21 முதல் 40 நாளுக்குள் கடன் கொடுத்தவர்கள் கூட்டம் என்ற பெயரில், வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி உங்களைக் கேள்வி கேட்பார். அதற்கு அறுபது நாள் கழித்து, யாரும் எதிர்க்காவிட்டால், கடன் தள்ளுபடி உத்தரவு வரும். மொத்தம் ஏறத்தாழ நான்கு மாதம். அதோடு தடையும் தீர்ந்துவிடும்.

நான்கு மாதம் முழுதாகக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். தடையை நீக்கக் கோரி வங்கி இடையிலேயே மனு போடலாம்; ஏலத் தேதி குறித்துவிட்ட வங்கி வேகமாகவே போடும். வீட்டைப் பொறுத்தவரை, அந்த மனு போட்ட 30 நாளுக்குள் தடையைத் தொடரும்படி நீதிமன்றம் உத்தரவிடாவிட்டால் தடை தானாகவே விலகிவிடும். நீக்கும் உத்தரவு வந்தபின், நீதிபதி வேறு மாதிரி சொன்னாலொழிய, 14 நாள் பொறுத்துத்தான் வங்கி மேற்கொண்டு நகர முடியும். அதன்பின் டெக்சாஸ் சட்டப்படி 21 நாள் முன்னறிவிப்புடன் புதிய ஏல அறிவிப்பு, அதற்குப் பிறகு வரும் முதல் செவ்வாய். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், தவணை கட்டாதவருக்கு சாப்டர் 7 பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மாதம் வாங்கித் தரும். வீட்டை விட்டுவிடுவது என்று முடிவுசெய்தவருக்கு இது உபயோகமான அவகாசம். வாடகை வீடு தேடலாம், பிள்ளைகளின் பள்ளி ஆண்டை முடிக்கலாம், ஏலத்தில் வீடு கடனைவிடக் குறைவாகப் போனாலும் மீதிப் பணத்துக்கு வங்கி உங்களைத் துரத்த முடியாது. வீட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு இது வழி அல்ல.

உங்கள் நண்பர் சொல்லும் 'முதல் நாள் மனு' வேறு ஒரு ரகம். மனுப் படிவத்தை மட்டும் தாக்கல் செய்து, சொத்துப் பட்டியல், வருமான விவரம் எதையும் தராமல் விட்டுவிடுவது. அவற்றைத் தர 14 நாள் கெடு உண்டு. தராவிட்டால் வழக்கு தள்ளுபடி. டெக்சாஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு முதல் செவ்வாய்க்கும் அடுத்ததற்கும் இடையே 28 அல்லது 35 நாள். தள்ளுபடி ஆவதற்கே இரண்டு வாரம் போய்விட்டால், 21 நாள் முன்னறிவிப்புக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. வங்கி அடுத்த மாத ஏலத்தைத் தவறவிட்டு, அதற்கடுத்த மாதத்துக்குப் போகும். ஆக, ஒரு வெற்று மனு வாங்கித் தருவது நடைமுறையில் இரண்டு மாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலைதான் பலருக்குத் தெரிவதில்லை.

2005-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் செய்த திருத்தம் அந்த விலையை நிர்ணயித்தது. கடந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் திவால் வழக்கு ஒன்று தள்ளுபடி ஆகியிருந்தால், அடுத்து நீங்கள் போடும் மனுவில் கிடைக்கும் தடை 30-ஆம் நாளோடு முடியும். அதை நீட்டிக்க வேண்டுமானால், அந்த 30 நாளுக்குள் விசாரணையை முடித்து, இந்த முறை உண்மையான நோக்கத்தோடு வந்திருக்கிறீர்கள் என்று நீதிபதியை நம்பவைக்க வேண்டும். இரண்டு வழக்குகள் தள்ளுபடி ஆகியிருந்தால் மூன்றாவது மனுவுக்குத் தடையே கிடையாது; நீதிமன்றத்தில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். இதில் ஒரு சிறு நுணுக்கம்: 30 நாளில் முடிவது மனுதாரர் மீதான தடை மட்டுமா, வீட்டைக் காக்கும் தடையும் சேர்த்தா என்பதில் அமெரிக்க நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. டெக்சாஸுக்கு மேலுள்ள ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், மனுதாரரைப் பொறுத்த தடை மட்டுமே முடிகிறது என்று 2019-இல் தீர்ப்பளித்தது. உங்கள் வழக்கறிஞருக்கு இது ஓர் ஆயுதம். அதை நம்பி வெற்று மனு போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னொரு கண்ணி உண்டு. தடையை நீக்கக் கோரி வங்கி மனு போட்ட பிறகு, நீங்களே முன்வந்து வழக்கை வாபஸ் வாங்கினால், 180 நாளுக்கு மறுபடி திவால் மனு போடவே முடியாது. நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறித் தள்ளுபடி ஆனாலும் அதே தண்டனைதான். கணவர் ஒரு முறை, மனைவி அடுத்த முறை என்று மாறி மாறிப் போடுவதும், வீட்டில் ஒரு சிறு பங்கை யாருக்கோ எழுதிக்கொடுத்து அவர் பெயரில் மனு போடுவதும் நீதிபதிகளுக்குப் பழகிப்போன தந்திரங்கள். இது கடனைத் தட்டிக்கழிக்கும் திட்டம் என்று முடிவுசெய்தால், வீட்டின் மீதே ஓர் உத்தரவைப் போட்டுவிடுவார்கள். அதைப் பத்திரப் பதிவில் ஏற்றிவிட்டால் இரண்டு வருடத்துக்கு யார் மனு போட்டாலும் அந்த வீட்டு ஏலம் நிற்காது. ஏல அறிவிப்பு வந்த வீடுகளுக்குக் கடிதம் அனுப்பி, 'ஆயிரம் டாலர் கொடுங்கள், வீட்டைக் காப்பாற்றுகிறோம்' என்கிறவர்களில் பலர் செய்வது இதைத்தான். உங்கள் பெயரில் என்ன தாக்கலாகிறது என்றே உங்களுக்குத் தெரியாது. பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

உங்கள் நிலைமைக்குப் பொருந்துவது சாப்டர் 13. இரண்டு பேருக்கும் சம்பளம் வருகிறது என்பதால் சொல்கிறேன். நிலையான வருமானம் இருப்பவர்தான் இதைப் போட முடியும். தவணை தவறியதால் வங்கி முழுக் கடனையும் ஒரேயடியாகக் கேட்டிருக்கும். சாப்டர் 13 அதைப் பின்னுக்குத் தள்ளி, பழைய தவணை முறைக்கே கடனைத் திருப்புகிறது. நிலுவையை மூன்று முதல் ஐந்து வருடத்தில் பிரித்துக் கட்டலாம். வங்கி சம்மதிக்க வேண்டியதில்லை. திட்டம் சட்டப்படி சரியாக இருந்து நீதிபதி ஏற்றுக்கொண்டால் போதும்.

எண்களில் பார்ப்போம். மாதத் தவணை 3,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாத நிலுவை 18,000. வங்கியின் வழக்கறிஞர் கட்டணம், அறிவிப்புச் செலவு எல்லாம் சேர்ந்து 21,000 ஆகிறது என்போம். அறுபது மாதத்தில் பிரித்தால் மாதம் 350 டாலர். இதோடு சாப்டர் 13 டிரஸ்டியின் கமிஷன்; சட்டம் பத்து சதவீதம் வரை அனுமதிக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மனு போட்ட மறுமாதத்திலிருந்து வழக்கமான 3,000 டாலரையும் தவறாமல் கட்ட வேண்டும். திட்டத்துக்கான முதல் கட்டணத்தை மனு போட்ட 30 நாளுக்குள், நீதிபதி திட்டத்தை ஏற்பதற்கு முன்பே, செலுத்த வேண்டும். சில இடங்களில் வீட்டுத் தவணையையும் டிரஸ்டி வழியாகவே கட்டச் சொல்வார்கள். அப்படியானால் கமிஷன் அதற்கும் சேரும். புதிய சம்பளத்தில் இது முடியுமா என்று இன்றிரவே உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முடியும் என்றால் ஏலம் தள்ளிப்போவதோடு நிற்காது, ரத்தே ஆகிவிடும். ஐந்து வருடக் கடைசியில் தவணை தவறாத வீட்டுக்காரராக வெளியே வருவீர்கள்.

முடியாது என்றால்? மனு போட்டபின் இரண்டு, மூன்று தவணை தவறினாலே வங்கி தடையை நீக்கக் கேட்கும். முதல் முறை பெரும்பாலும் சமரச உத்தரவு ஒன்றில் முடியும்: இத்தனை மாதத்தில் விட்டதைக் கட்டு, மறுபடி தவறினால் ஓர் அறிவிப்போடு தடை நீங்கும். பாதியில் முறியும் திட்டங்கள் பல இந்த இடத்தில்தான் முறிகின்றன. மருத்துவச் செலவு, மறுபடி வேலை இழப்பு என்று காரணங்கள் நியாயமாகத்தான் இருக்கும். அப்போது கையில் இருப்பது, கடந்த ஒரு வருடத்துக்குள் தள்ளுபடியான ஒரு வழக்கும், மேலே சொன்ன 30 நாள் தடையும்தான். சம்பளம் வரத் தொடங்கிய பிறகு மனு போடுங்கள், வருவதற்கு முன் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ஏல நாள் அதற்கு இடம் கொடுக்காத சமயங்களும் உண்டு. அது வேறு விஷயம்.

சாப்டர் 13-க்கு ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் அடமானக் கடன்கள் 1,580,125 டாலருக்கும், அடமானமில்லாக் கடன்கள் 526,700 டாலருக்கும் குறைவாக இருக்க வேண்டும். டல்லாஸ் புறநகர் வீட்டுக்கு இது தடையாக இருக்காது, கலிபோர்னியாவில் இருக்கலாம்.

ஊருக்கு ஊர் அவசரம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். முதல் அறிவிப்பைக் கொடுக்க, தவணை தவறி 120 நாள் தாண்ட வேண்டும் என்பது 2014 ஜனவரி முதல் நாடு முழுவதற்குமான விதி. டெக்சாஸில் அதற்குமேல், நிலுவையைக் கட்ட 20 நாள் அறிவிப்பு, ஏலத்துக்கு 21 நாள் அறிவிப்பு. வழக்கே இல்லாமல் ஐந்தரை மாதத்தில் ஏலம் வந்துவிடும். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கித்தான் ஏலத்துக்கு வர முடியும். அதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் உறவினர் 'எங்களுக்கு இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை' என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய காலண்டர் உங்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். நியூ ஜெர்சிக்காரர் முதல் கடிதம் வந்ததுமே திவால் மனு போட்டால் கையிலிருக்கும் அவகாசத்தை வீணடிக்கிறார். நீங்கள் காத்திருந்தால் வீட்டை இழக்கிறீர்கள்.

கடன் தவணையை மாற்றியமைக்கக் கேட்டு வங்கிக்கு முழு விண்ணப்பம் கொடுப்பது இன்னொரு வழி. ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கையில் முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், அதற்குப் பதில் சொல்லாமல் வங்கி ஏலம் நடத்தக் கூடாது. உங்களுக்கு அந்த நாள் கடந்துவிட்டிருக்கும். இருந்தாலும் தொலைபேசியில் கேட்பதில் நஷ்டமில்லை. 'பரிசீலிக்கிறோம்' என்று ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி மட்டும் இருந்துவிடாதீர்கள். ஒரு பிரிவு பரிசீலித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பிரிவு ஏலத்தை நடத்தி முடித்த கதைகளால்தான் அந்த விதியே வந்தது.

நம்மவர்கள் இடறும் இடம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. திவால் மனுவில் உலகில் எங்கிருக்கும் சொத்தையும் காட்ட வேண்டும். திருச்சியில் உள்ள மனை, பங்கு பிரிக்காத பூர்வீக வீட்டில் உங்கள் உரிமை, என்.ஆர்.இ. வைப்பு நிதி, எல்.ஐ.சி. பாலிசி, லாக்கரில் இருக்கும் நகை எல்லாம் இதில் சேரும். வீட்டைப் பொறுத்தவரை டெக்சாஸ் தாராளமான மாநிலம். குடியிருக்கும் வீட்டின் மதிப்பு எவ்வளவானாலும் டிரஸ்டி தொட முடியாது. ஆனால் வீட்டை வாங்கி 1,215 நாள், அதாவது மூன்றே கால் வருடத்துக்குச் சற்று மேல், ஆகாதிருந்தால் அந்தப் பாதுகாப்புக்குக் கூட்டாட்சிச் சட்டம் ஒரு வரம்பு வைக்கிறது. ஊரில் உள்ள மனைக்கு இந்தச் சலுகை கிடையாது. சாப்டர் 7-இல் அது டிரஸ்டியின் கணக்கில் வரும். சாப்டர் 13-இல் அதன் மதிப்புக்கு ஈடாகவாவது கடன் கொடுத்த மற்றவர்களுக்கு நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். மறைத்தால் அது குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. மனு போடுவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் மைத்துனருக்கோ தம்பிக்கோ கைமாற்றைத் திருப்பிக் கொடுத்திருந்தால் டிரஸ்டி அந்தப் பணத்தை அவர்களிடமிருந்தே கேட்டு வாங்கலாம். எனவே இந்த வாரம் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்காதீர்கள், எதையும் யார் பெயருக்கும் மாற்றாதீர்கள்.

விசாவில் இருப்பவர்கள் கேட்பதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். திவால் மனு போடக் குடியுரிமை தேவையில்லை. அமெரிக்காவில் வசிப்பதோ இங்கே சொத்து இருப்பதோ போதும். ஊரில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவரைப் பார்க்கும் கண்ணோடு இதைப் பார்க்கத் தேவையில்லை. கிரெடிட் அறிக்கையில் சாப்டர் 7 பத்து வருடம், சாப்டர் 13 வழக்கமாக ஏழு வருடம் இருக்கும். ஃபோர்குளோஷரும், அதாவது வீடு ஏலத்தில் போனதும், ஏழு வருடம் இருக்கும்.

இனி உங்கள் வேலைகள். அங்கீகரிக்கப்பட்ட அமைப்பில் கடன் ஆலோசனை வகுப்பை இணையத்தில் முடித்துச் சான்றிதழ் வாங்குங்கள். மனு போடுவதற்கு முந்தைய 180 நாளுக்குள் இது முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனு நிற்காது. இருவரும் சேர்ந்து மனு போட்டால் இருவருக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். கடந்த 60 நாள் சம்பளச் சீட்டுகள், நான்கு வருட வரிக் கணக்குகள், வங்கி அனுப்பிய அத்தனை கடிதங்களையும் உறையோடு எடுத்து வையுங்கள். சாப்டர் 13-க்கு நீதிமன்றக் கட்டணம் 313 டாலர். தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். வழக்கறிஞர் கட்டணத்தில் பெரும்பகுதியைத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்து மாதாமாதம் செலுத்தும் ஏற்பாடு வழக்கத்தில் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். மனுவைத் திங்கட்கிழமை மாலை வரை இழுக்காமல், ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே முழுப் பட்டியல்களோடு தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அப்படி வரும் மனுவையும் கடைசி மணிநேரத்தில் வரும் வெற்றுத் தாளையும் நீதிபதியும் டிரஸ்டியும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.